வடசென்னைக் கரையில் விடியலைப் படமெடுப்பது எப்படி?

சூரிய உதயத்தை முதல்முறை படமெடுத்தவர்களின் போனைத் திறந்து பார்த்தால் அநேகமாக ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். நடுவில் வெளுத்துப்போன ஒரு புள்ளி, சுற்றிலும் மஞ்சள் கறை, கீழே எதுவென்று தெரியாத கறுப்பு. நேரில் நின்றபோது சூரியன் தாம்பாளம் போலப் பெரிதாகக் கடலிலிருந்து எழுந்தது. கட்டிக் கிடந்த படகுகளின் நீலமும் பச்சையும்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன. படத்தில் இரண்டுமே இல்லை. போன் மட்டமானது என்று அங்கேயே முடிவுகட்டி விடுபவர்கள் பலர். விலை உயர்ந்த கேமராவை அதே இடத்தில் நிறுத்தி அதே மாதிரி அழுத்தினாலும் ஏறக்குறைய அதே படம்தான் வரும். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. அவை புரிந்துவிட்டால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரையில் கையிலிருக்கும் போனைக் கொண்டே நல்ல படங்கள் எடுக்கலாம்.

முதல் காரணம், சூரியன் சிறியது. வானத்தில் அது பிடிக்கும் அகலம் அரை டிகிரி. கையை நேராக நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால், அந்த விரலின் அகலத்தில் பாதிதான் சூரியன். அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது பெரிதாகத் தெரிவது நம் மனம் செய்யும் வேலை. அளந்து பார்த்தால் உச்சிவெயிலிலும் அதே அளவுதான். போனின் வழக்கமான லென்ஸ் பிடிக்கும் காட்சியின் அகலத்தில் சூரியனுக்கு நூற்றில் ஒரு பங்கு இடம்கூடக் கிடைப்பதில்லை. பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. லென்ஸின் குவியத்தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் அளவு வரும். 50 மில்லிமீட்டர் லென்ஸில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 200இல் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். படத்தில் பெரிதாகத் தெரியும் சூரியன் வேண்டுமென்றால் 400க்கு மேல் போக வேண்டும். அவ்வளவு செலவு ஆரம்பத்தில் தேவையில்லை.

ஆகவே என் யோசனை இது: சூரியனைப் படத்தின் பொருளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வெளிச்சம் தரட்டும். எதன்மேல், எதன் பின்னால் அந்த வெளிச்சம் விழுகிறது என்பதைத் தேடுங்கள். இந்தத் தேடலுக்கு வடசென்னையைவிடப் பொருத்தமான கரை இந்த நகரத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மெரினாவில் விடியற்காலையில் மணலும் நடைப்பயிற்சிக்கு வந்தவர்களும் இருப்பார்கள். காசிமேட்டில் அந்த நேரத்தில் ஒரு முழு வேலைநாள் பாதி முடிந்திருக்கும். மூன்று, நான்கு மணிக்கே ஏலம் தொடங்கிவிடும். விசைப்படகிலிருந்து கூடைகள் இறங்கும், ஐஸ் உடைபடும், மீன் வாங்க வந்த அக்காக்கள் அன்னக்கூடையோடு காத்திருப்பார்கள். வானம் வெளுப்பதும் வேலை உச்சத்துக்குப் போவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

அந்த நேரம் எது என்பதை முதலில் பார்ப்போம். சென்னையில் சூரியன் மிகச் சீக்கிரம் உதிப்பது மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், காலை 5.42 வாக்கில். மிகத் தாமதமாக உதிப்பது மார்கழியில் என்றுதான் நினைப்போம்; உண்மையில் அது ஜனவரி கடைசியில், 6.35ஐ ஒட்டி. உதய நேரத்துக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தால் பாதியை இழந்துவிடுவீர்கள். சூரியன் தலைகாட்டுவதற்கு ஏறக்குறைய 21 நிமிடம் முன்பே படமெடுக்கப் போதுமான வெளிச்சம் வந்துவிடும். கருநீலத்தின் அடியில் ஊதாவும் ஆரஞ்சும் கசியும் அந்த இருபது நிமிடம்தான், கற்றுக்கொள்பவர்களுக்கு உதயத்தைவிட மதிப்பு வாய்ந்தது என்பேன். வானத்துக்கும் தரைக்கும் வெளிச்ச வித்தியாசம் அப்போது குறைவு. கேமராவால் இரண்டையும் ஒரே படத்தில் வாங்க முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீடியோக்களில் சொல்லித் தருபவர்களில் பலர் குளிர்நாடுகளில் இருப்பவர்கள். உதயத்துக்குப் பிறகு முக்கால் மணி நேரம் பொன்னிற ஒளி நிற்கும் என்று அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. லண்டனில் சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறுகிறது. சென்னை 13ஆவது அட்சரேகையில் இருப்பதால் இங்கே கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும். தட்டின் மேல்விளிம்பு தெரிவதிலிருந்து கீழ்விளிம்பு கடலை விட்டு விலகுவது வரை இரண்டு நிமிடம் பத்து நொடி போல ஆகும், அவ்வளவுதான். அரை மணிக்குள் பொன்னிறமும் போய் வெயில் வெளுத்துவிடும். கரையில் நின்றுகொண்டு எந்த இடத்தில் நிற்கலாம் என்று யோசிக்க நேரம் கிடைக்காது. முந்தைய நாளே ஒருமுறை போய் இடம் பார்த்து வைத்துவிடுங்கள்.

இடம் பார்க்கும்போது திசையையும் பார்க்க வேண்டும். சூரியன் சரியாகக் கிழக்கே உதிப்பது ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும். ஜூன் 21 வாக்கில் அது கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே ஒதுங்கியிருக்கும்; டிசம்பர் 21 வாக்கில் அதே அளவு தெற்கே. நீட்டிய கையில் விரல்களை முழுதாக விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையில் ஏறக்குறைய 20 டிகிரி இருக்கும். ஜூனுக்கும் டிசம்பருக்கும் நடுவே சூரியன் அப்படி இரண்டு சாணுக்கும் மேல் இடம் மாறுகிறது. ராயபுரக் கரையில் நின்றால் டிசம்பரில் வலப்பக்கம், துறைமுகத்தின் திசையில் சாய்ந்து வரும். ஜூனில் இடப்பக்கம், திறந்த கடல்மேல் வரும். மார்ச், செப்டம்பரில் நாளுக்கு நாள் தன் அகலத்தில் முக்கால் பங்கு நகர்ந்துவிடும். இன்று ஒரு பாய்மரக் கம்பத்துக்கு நேர் பின்னால் வந்த சூரியன் மூன்றாம் நாள் அங்கே இருக்காது. ஜூனிலும் டிசம்பரிலும் இரண்டு வாரம் போல ஏறக்குறைய அதே இடத்தில் உதிக்கும் என்பதால், தவறவிட்ட படத்தை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம். ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலிகள் எந்த நாளில் எந்தத் திசை என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டும். போனில் இருக்கும் திசைகாட்டியே போதும் என்பவர்களுக்கு அதுவும் போதும்.

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். உதிக்கும் சூரியனைச் சுற்றியுள்ள வானத்துக்கும் படகின் நிழல்பக்கத்துக்கும் இடையிலுள்ள வெளிச்ச வித்தியாசம் மிகப் பெரிது. கண் அந்த இரண்டுக்கும் மாறி மாறித் தன்னைச் சரிசெய்துகொண்டு, இரண்டையும் பார்த்ததாக நமக்குச் சொல்கிறது. கேமரா ஒரு நொடியில் ஓர் அளவைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். படம் எடுக்கும் கலை பிறந்த நாளிலிருந்தே இருக்கும் சிக்கல் இது. 1850களின் கடைசியில் மதராஸ் மாகாண அரசுக்காகத் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப்புக்கு வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகத்தான் விழுந்தது. அந்தக் கால ரசாயனம் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொண்டதால் கோபுரம் சரியாக வரும் நேரத்துக்குள் வானம் வெந்துபோகும். அவர் நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தொட்டு மேகங்களை வரைந்து சேர்த்தார்.

இன்று நாம் தூரிகை எடுக்க வேண்டியதில்லை. எதைக் காப்பாற்றுவது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். என் பரிந்துரை, வானத்தைக் காப்பாற்றுங்கள். போன் திரையில் சூரியனுக்குப் பக்கத்து வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கே பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்துச் சற்று இருட்டாக்குங்கள். படகுகளும் ஆட்களும் கறுத்த நிழலுருவங்களாக மாறும். அந்தக் கறுப்பு குறையாகத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் உருவங்களின் வெளிக்கோடு தெளிவாக இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பத்துப் படகுகள் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். தனித்து நிற்கும் ஓர் அணியம், கையை உயர்த்தி ஏலம் கூறும் ஒருவர், வலையைத் தோளில் போட்டு நடப்பவர், இப்படித் தனித்தனியாக வானத்தில் வெட்டித் தெரியும் உருவத்தைத் தேடுங்கள். இரண்டடி இடம் மாறினாலோ, குந்தி உட்கார்ந்தாலோ பின்னாலுள்ள கட்டடம் மறைந்து வானம் கிடைத்துவிடும்.

கேமராவில் கையால் அளவு வைப்பவர்களுக்கு, தொடங்குவதற்கு மட்டும் இரண்டு தொகுதி எண்கள். உதயத்துக்குப் பத்து நிமிடம் முன் ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் எஃப் 4, ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு. சூரியன் மேலே வந்தவுடன் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, நொடியில் 250 முதல் 500இல் ஒரு பங்கு. அன்றைய வானத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், கேமரா அந்தச் சிவப்பைத் தவறு என்று எண்ணித் திருத்திவிடும். பகல் வெளிச்சத்துக்கான அடையாளத்தில் நிறுத்துங்கள். படகு கட்டிக் கிடந்தாலும் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் டிரைபாட் போட்டு நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்தால் கரை நேராகவும் கம்பங்கள் கலங்கியும் வரும். போனின் இரவு மோடு பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்குவதால் அதிலும் இதே கோளாறு உண்டு. பழைய வியூஃபைண்டர் வழியாகப் பெரிய லென்ஸில் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு நிரந்தரக் கேடு வரலாம். திரையைப் பார்த்து எடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். 2017இலிருந்து 61 நாள். அதற்கு முன் 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். சிலவற்றுக்கு வண்ணம் பூசுவார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பின்னுவார்கள். கூட்டமும் வழுக்கலும் குறைந்த இந்த நாட்கள் கற்றுக்கொள்பவர்களுக்கு வசதியானவை. அவசரப்படாமல் ஒரே படகை ஒரு வாரம் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் அது மீனவக் குடும்பங்களுக்கு வருமானம் சுருங்கிய காலம் என்பதும் நினைவில் இருக்கட்டும். அப்போது பேச்சுக் கொடுப்பதிலும் படமெடுப்பதிலும் கூடுதல் பணிவு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காசிமேடு வேறு உலகம். நகரமே மீன் வாங்க வந்து நிற்கும். முதல் முறை போகிறவர்கள் வேறு கிழமை பார்த்துப் போவது நல்லது.

காசிமேட்டிலிருந்து வடக்கே எண்ணூர் விரைவுச்சாலையில் போனால் கடலுக்கும் சாலைக்கும் நடுவே மணல் இல்லாமல் கருங்கல் குவிந்திருப்பதைக் காணலாம். இதற்குச் சென்னைத் துறைமுகம்தான் காரணம். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகின்றன. 1875இல் தொடங்கிய துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் ஊருக்குள் ஏறியது. வீடுகளையும் சாலையையும் காக்கக் கல்லைக் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளும் போட்டார்கள். படமெடுப்பவருக்கு இவை முன்னணியில் நல்ல வடிவங்களைத் தருகின்றன: ஈரக்கல்லின் முகத்தில் ஆரஞ்சு ஒளி பட்டால் ஒவ்வொரு விளிம்பும் தனியாக எழுந்து நிற்கும். பட்டினத்தார் சமாதி இருக்கும் திருவொற்றியூர்க் கரையில் நின்று, தூரத்தில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களையும் சேர்த்துப் பார்க்கலாம். 200 மீட்டர் நீளக் கப்பல் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்றால், சூரியனைப்போல இருமடங்கு அகலமாகத் தெரியும். 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் இது முயன்று பார்க்க வேண்டிய படம். பாசி படிந்த கல்லில் மட்டும் கால் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அலை கல்சுவரைத் தாண்டிச் சாலைக்கே வரும். அந்த மாதங்களில் சாலை ஓரத்தில் நின்று எடுப்பதே சரி. சாலையோரம் என்றால் கண்டெய்னர் லாரிகளின் பக்கமும் ஒரு கண் வேண்டும்.

இப்போது நிறத்தைப் பற்றி. தொழிற்சாலைப் புகை இருந்தால் உதயம் சிவப்பாக, அழகாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருப்பதைப்போல நாற்பது மடங்கு அளவுக்குக் காற்றைக் கடந்து வருகிறது. வழியில் காற்றின் மூலக்கூறுகள் நீலத்தைச் சிதறடித்துவிட, சிவப்பும் ஆரஞ்சும் மிஞ்சுகின்றன. இதற்குச் சுத்தமான காற்றே போதும். புகையின் பெரிய துகள்கள் எல்லா நிறங்களையும் ஒன்றாகச் சிதறடித்து வானத்தை மங்கலாக்கும்; வட்டம் மட்டும் மந்தமான செம்பு நிறத்தில் நிற்கும். பலத்த காற்று ஓய்ந்த இரவுகளில் தரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசுகிறது. மணலியும் எண்ணூரும் விடும் புகை அதோடு கடல்மேல் போய்ப் படியும். விடியலில் சூரியன் அந்தப் படலத்துக்குப் பின்னால்தான் வருகிறது. அதனால்தான் ஜனவரி, பிப்ரவரிக் காலைகளில் கணக்குப்படி உதித்த பிறகும் சில நிமிடம் ஒன்றுமே தெரியாது. பிறகு அடிவானத்துக்கு மேலே, அந்தரத்தில், ஒளியில்லாத சிவப்புத் தட்டு ஒன்று வெளிப்படும். சூரியன் வரவில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். வெளிச்சம் அடங்கிய அந்தச் சில நிமிடத்தில் தட்டும் படகும் ஒரே படத்தில் விழும். போகி அன்று காலை இந்தப் படலம் மிகக் கனமாக இருக்கும். நிறம் நிறைந்த வானம் வேண்டுமென்றால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை போங்கள். உயரத்தில் சிதறிய மேகமும் கீழே கழுவிவிட்ட காற்றும் சேரும் நாள் அது.

துகளின் அளவு நிறத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு இந்த நகரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1883 ஆகஸ்ட் கடைசியில் கிரகத்தோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சில நாட்கள் மதராஸில் சூரியன் உதயத்திலும் மறைவிலும் பச்சையாகத் தெரிந்தது. வானாய்வகத்தில் இருந்த நார்மன் போக்சனும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித்தும் அதைப் பதிவு செய்தார்கள். ஒளியலையின் அளவை ஒட்டிய, ஏறக்குறைய ஒரே அளவான துகள்கள் வானத்தில் பரவினால் சிவப்பு சிதறிப்போய்ப் பச்சையும் நீலமும் மிஞ்சும்.

எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம் இந்தக் கரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கடலில் அலை இருக்கும்போதும் கழிமுக நீர் அசையாமல் கிடக்கும். வானத்தின் நிறம் தலைகீழாக அதில் விழும். இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் விடியலிலேயே இறங்கியிருப்பார்கள். அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைச் சூரியனுக்கு முன்னால் நிறுத்த ஆசைப்பட்டுப் பலர் கடற்கரையில் சுற்றுவதுண்டு. அங்கிருந்து அது அமையாது. அவை தரைப்பக்கம் நிற்கின்றன, சூரியன் கடல்பக்கம் வருகிறது. அதற்குப் பதில் சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். 200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒன்றின்மேல், தரையில் படுவதற்கு ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் முன்னதாகவே வெயில் பட்டுவிடும். கீழே எல்லாம் நீலமாக இருக்கையில் புகைபோக்கியின் தலையும் புகையும் மட்டும் ரோஜா நிறம் கொள்ளும். உதயத்தின் மிக நல்ல படங்களில் பாதி இப்படி எதிர்த்திசையில்தான் இருக்கின்றன.

ஆனால் அந்த ரோஜா நிறத்தை அழகென்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் புகையை மூச்சாக இழுத்தபடிதான் அந்த ஊர்க் குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் அடித்துவந்து இந்தக் கழிமுகத்தில் படர்ந்தபோது, படகும் வலையும் கறுத்துப்போய் மக்கள் வாரக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியாமல் நின்றார்கள். சாம்பல் படிந்த கரை, எண்ணெய்க் கறை, குழாய்கள் எல்லாவற்றையும் படத்துக்கு வெளியே தள்ளி, வெறும் வானத்தையும் நீரையும் காட்டினால் அது எண்ணூரின் படம் ஆகாது. அவற்றையும் உள்ளே வையுங்கள். வெளிச்சம் எல்லாவற்றின்மேலும் விழுகிறது.

அனுமதி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், மின்நிலைய வளாகங்கள் எல்லாம் காவல் உள்ள இடங்கள். வேலிக்கு அருகே போய் எடுக்காதீர்கள், டிரோன் பற்றி நினைக்கவே வேண்டாம். குப்பத்துக்குள்ளும் ஏலக்கூடத்திலும் வேறு வகை அனுமதி வேண்டும். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். “வேணாம்பா, போட்டோலாம் எடுக்காத” என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ஏலம் நடக்கும் வட்டத்துக்குள் நுழையாதீர்கள், கூடை தூக்கி வருபவரின் வழியில் டிரைபாட் விரிக்காதீர்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், பிறகு என்று தள்ளிப்போட்டால் மறந்துபோகும். மறுமுறை போகும்போது உங்களை அடையாளம் கண்டு, “அண்ணே, அந்தாண்ட போய் நின்னுக்கோ, போட் வருது” என்று அவர்களே இடம் காட்டுவார்கள். எந்தச் செயலியும் தராத தகவல் அது.

ஏசி அறையில் இருந்த கேமராவைக் கடற்கரைக் காற்றில் திறந்தால் லென்ஸ்மேல் நீராவி படிந்து கால் மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. வீட்டிலிருந்து கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையை வெளியே வைத்துவிடுங்கள். உப்புத் தூறல் லென்ஸில் பட்டால் சூரியனைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக ஒளிவட்டம் வரும். மெல்லிய பருத்தித் துணி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். திரும்பியதும் ஈரம் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடைத்தால்தான் உப்பு போகும்.

வீட்டில் உட்கார்ந்து படத்தைத் திருத்தும்போது முதலில் அடிவானக் கோட்டை நேராக்குங்கள். கடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வேறு எது சரியாக இருந்தும் பயனில்லை. நிறத்தைக் கூட்டும் பட்டியை இழுக்கக் கை துறுதுறுக்கும். சிவப்பை ஏற்றினால் சூரியனைச் சுற்றியுள்ள நுட்பமான படிகள் எல்லாம் ஒரே ஆரஞ்சுப் பூச்சாகிவிடும், அதனால் அதைத் தொடாமல் நிழல்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். கேமராவிலோ போனிலோ ரா வடிவத்தில் சேமிக்கும் வசதி இருந்தால் அதை இயக்கி வையுங்கள். கறுப்பு என்று நினைத்த படகின் பெயரும் பதிவு எண்ணும் அதிலிருந்து பல நேரம் எழுந்து வரும்.